ஒன்றாம் எண் ஜெர்ஸி

எமிலியன் தாரிகோ ஜெர்ஸிகளைப் பதினைந்தாம் எண்ணிலிருந்துதான் கொடுப்பார். பையைத் திறந்ததும் பதினைந்து, பதினான்கு, பதின்மூன்று என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொருவன் கையிலும் வைத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, இரண்டு வரைக்கும் வருவார். ஒன்றாம் எண்ணை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டார். பெஞ்சின் மேல் மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். அதைப் போடவேண்டியவன் தானே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்ந்தவன் முதல் ஞாயிறு சிரிப்பான். பக்கத்தில் இருப்பவன் முழங்கையால் ஓர் இடி இடிப்பான். இரண்டாவது ஞாயிறு அவன் சிரிக்க மாட்டான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், உடை மாற்றும் அறையின் கதவு என் அடுப்புக்குப் பின்னால்தான் இருக்கிறது. என் பேர் சொலாஞ்ஜ். காஸ்த்ராக் மைதானத்தில் முப்பத்தொரு வருடமாகக் கடை போடுகிறேன். வாத்தின் இதயத்தைக் குச்சியில் குத்திப் பூண்டோடு சுட்டுத் தருவேன். வைன் உண்டு, பியர் உண்டு. மழை நாளில் முட்டைக்கோஸ் சூப்பும் உண்டு. எங்கள் ஊர் ஆண்கள் பாதிரியாரிடம் சொல்லாததை எல்லாம் என் கடைப் பலகையில் முழங்கை ஊன்றிக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்குத்தான் காது புளித்துவிட்டது.

எமிலியனைப் பார்த்தால் ரக்பிக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒல்லி. காற்றடித்தால் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. சின்ன வயதில் இரண்டாம் அணியில் இரண்டே ஆட்டம் ஆடினார், இரண்டிலும் பந்து அவர் கைக்கு வரவில்லை. தபால்காரர் வேலை. மஞ்சள் வண்டியில் ஊரையும் சுற்றியுள்ள பண்ணைகளையும் சுற்றி வருவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனாலேயே அவரைக் கிளப் செயலாளராக உட்கார வைத்தார்கள். ஞாயிறுதோறும் ஆட்டத் தாளை எழுதுவது அவர் வேலை. இருபத்திரண்டு பேர், உரிம எண்கள், கீழே கையெழுத்து. அடியில் கார்பன் வைத்து மூன்று படி. வெளியூர் நடுவர்கள்கூட அந்தத் தாளை வாங்கி ஒரு கணம் ரசித்துப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பார்கள்.

எங்கள் ஆட்டத்தில் தள்ளு என்று ஒன்று இருக்கிறது. எட்டுப் பேர் எட்டுப் பேருக்கு எதிரே குனிந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டு முட்டுவார்கள். இரண்டு பக்கத்து முன்வரிசை மூவரின் தலைகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கும். பதினாறு பேரின் பாரமும் அந்த ஆறு கழுத்துகளில் இறங்கும். அதற்கென்று பழகியவன்தான் அங்கே நிற்க வேண்டும். யார் பழகியவன் என்று தாளில் அவன் பேருக்கு எதிரே குறி போடுவது செயலாளரின் பொறுப்பு. ஆள் இல்லை என்றால் பாவனைத் தள்ளு. குனிவார்கள், தொடுவார்கள், தள்ள மாட்டார்கள். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. எங்கள் ஊர்க்காரன் மனதில்தான் இடம் இல்லை. இங்கே ஒருவன் பெண்டாட்டி ஓடிப்போனதைக்கூடச் சொல்லிவிடுவான். தன் அணி பாவனைத் தள்ளு ஆடியதைச் சொல்ல மாட்டான்.

இருபத்துநாலு வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரி ஞாயிறு. நாலு நாள் மழை, மைதானம் முழுக்கச் சேறு. ஒன்றாம் எண் போடுகிற இடது முன்வரிசைக்காரன் காய்ச்சலில் படுத்துவிட்டான். அவனுக்குப் பதிலாக வரவேண்டியவனின் கார் பாதி வழியில் நின்றுவிட்டது. எமிலியன் தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு என் கடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பாவனை என்று எழுதத்தான் போனார். அதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குள் செய்தி கசிந்துவிட்டது. கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"என்ன தபால்காரரே, நம்ம ஆளுங்க இன்னைக்குக் கைகோத்துக்கிட்டு டான்ஸா ஆடப்போறாங்க? பாவாடை வேணும்னா சொல்லுங்க, வீட்டுல நிறைய இருக்கு!"

இருநூறு பேர் சிரித்தார்கள். எதிரணி ஊர்க்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எமிலியனின் காது சிவந்துபோனது. அப்போது ரெஜிஸ் லசேர் முன்னால் வந்தான். இருபத்திரண்டு வயது, வாத்துப் பண்ணைக்காரன், பின்வரிசையில் ஆடுகிறவன். கதவை மறைக்கிற தோள். "நான் நிக்கிறேன். என் பேருக்கு எதிரே குறியைப் போடுங்க, போய்ட்டே இருப்போம்" என்றான். எமிலியன் குறியைப் போட்டார்.

மூன்றாவது தள்ளு சரிந்தது. மாதா கோயில் பக்கத்து இருபத்திரண்டு மீட்டர்க் கோட்டருகே எல்லாரும் எழுந்தார்கள், ரெஜிஸ் எழவில்லை.

உயிர் பிழைத்தான். கழுத்து முறிந்து கால்கள் போயின. கைகள் தோளிலிருந்து அசையும், விரல்கள் மூடாது. ரக்பிச் சங்கத்திலிருந்து விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். ரெஜிஸ் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டே அவர்களிடம், "சின்ன வயசு அணியில நான் முன்வரிசையிலதான் ஆடினேன். பழகினவன்தான்" என்று சொன்னான். பச்சைப் பொய். ஊருக்கே தெரியும். ஊர் வாயைத் திறக்கவில்லை. விசாரணையை முடித்துவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் எமிலியன் வாழ்ந்த வாழ்க்கையை வாழ்க்கை என்று நான் சொல்ல மாட்டேன். செயலாளர் வேலையை விட்டுவிடுகிறேன் என்றார். விட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், ரெஜிஸ் சொன்னது பொய்யென்று ஆகிவிடும் என்று அப்போதைய தலைவர் தடுத்துவிட்டார். ஆக, ஞாயிறுதோறும் அதே தாள், அதே பேனா. வாரத்தில் ஆறு நாளும் ரெஜிஸ் வீட்டுக்குத் தபால். மருத்துவமனைக் கடிதம், சங்கக் கடிதம், சக்கர நாற்காலிக் கம்பெனிக் கடிதம், எல்லாவற்றையும் வாசல் பெட்டியில் போட்டது குறி போட்ட அதே கைதான். மணியை ஒரு நாளும் அடித்ததில்லை. ரெஜிஸின் அம்மா உயிரோடு இருந்த காலத்தில் ஒருமுறை வாசலுக்கே வந்து, "உள்ள வாங்க, காபி போட்டிருக்கேன்" என்று கூப்பிட்டாள். "வண்டி ஓடிக்கிட்டே இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டார். வண்டி அணைந்துதான் கிடந்தது என்று அவள் என்னிடம் சொன்னாள்.

ரெஜிஸ் ஒரு ஞாயிறும் ஆட்டத்துக்கு வராமல் இருந்ததில்லை. நாற்காலியை அதே இருபத்திரண்டு மீட்டர்க் கோட்டுக்கு நேரே, கம்பிக்குப் பின்னால் நிறுத்துவான். எமிலியன் அந்தப் பக்கமே போகமாட்டார். மைதானத்தின் அடுத்த மூலைக்குப் போகவேண்டுமென்றால் மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போவார். பாதி ஆட்டத்தில் நான் கறியைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு போய் ரெஜிஸுக்கு ஊட்டுவேன். இருபத்துநாலு வருடம் ஊட்டியிருக்கிறேன். பெரிய மனசு சொலாஞ்ஜுக்கு என்று ஊரில் சொல்லுவார்கள்.

ஒரே ஒரு தடவை எமிலியன் வாய்விட்டுப் பேசினார். நான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன்.

"சொலாஞ்ஜ், கழுத்து முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்குன்னு எல்லாரும் நினைக்கிறாங்க இல்ல?"

"யார் நினைக்கிறா? நீயா எதையாவது கிளப்பாத."

"அது எனக்குக் கேட்டதே இல்ல. எனக்குக் கேக்கறது பேனா சத்தம். கார்பன் மேல கீச்சுனு ஒரு சத்தம் வரும் பாரு, குறி போடறப்ப. அதான். படுத்தா வருது, ரொட்டி வெட்டினா வருது."

நாலைந்து வருடங்களுக்கு முன் தாள் போய் டேப்லெட் வந்தது. இனிமேல் கீறல் சத்தம் இருக்காது என்று நானே சந்தோஷப்பட்டேன். முதல் ஞாயிறு அவர் கண்ணாடியை விரலால் தொட்டுத் தொட்டுப் பேர்களைப் போட்டார். முடித்ததும் என்னைப் பார்த்தார். "அப்பவும் கேக்குது" என்றார்.

இப்போது போன பருவத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் ஆரம்பித்தபோது எங்களை யாரும் மதிக்கவில்லை. முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. அக்டோபரில் திராட்சை அறுவடை முடிந்து பையன்கள் பயிற்சிக்கு ஒழுங்காக வர ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒன்பது வெற்றி, வரிசையாக. டிசம்பரில் மைதானம் உறைந்து கிடந்தபோதுகூட ஜெயித்தோம். பச்சையும் கறுப்பும் எங்கள் நிறம். வட்டச் சந்திப்பில் வைக்கோல் உருண்டைகளை அடுக்கி, பச்சைச் சட்டை மாட்டி, ஒரு ராட்சத ஆட்டக்காரனை நிற்க வைத்தார்கள். ரொட்டிக்கடைக்காரி பச்சை நிறத்தில் கேக் செய்தாள். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனாலும் வாங்கித் தின்றோம். ஏப்ரலில் கால் இறுதி, அரை இறுதி. மே மாதம் கேடயத்துக்கான இறுதியாட்டம், ஒரு மணி நேரத் தூரத்தில், இரண்டு ஊருக்கும் பொதுவான மைதானத்தில். எதிரணி ரியூபெய்ர். காஸ்த்ராக் கேடயத்தைத் தொட்டு நாற்பத்தாறு வருடம் ஆகிறது.

எமிலியன் மட்டும் வெற்றிக்கு வெற்றி இளைத்துக்கொண்டே வந்தார். நான் கேட்டதற்கு, "முன்வரிசையில இடது பக்கம் ரெண்டே ரெண்டு பேர்தான் இருக்காங்க" என்றார். அவ்வளவுதான் அவர் பருவம் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தது.

அரை இறுதியில் அந்த இரண்டு பேரில் ஒருவனுக்குத் தோளெலும்பு உடைந்தது. மிச்சம் ஒருவன்.

இறுதியாட்டத்துக்கு ஊரே நாலு பேருந்தில் போனது. நான் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு போய், அறைகளுக்கு வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில் போட்டேன். மூன்று மணிக்கு ஆட்டம். இரண்டேகாலுக்கு, உடம்பைச் சூடாக்க ஓடும்போது, அந்த மிச்சம் ஒருவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தசை கிழிந்துவிட்டது. நிற்கவே முடியவில்லை.

டேப்லெட்டில் மாற்றம் செய்ய நேரம் இருந்தது. ஆனால் அதைத் திறக்கும் ரகசிய எண் எமிலியன் ஒருவரிடம்தான் இருந்தது.

கிளப் தலைவர் சில்வான் புய்யோ, டிராக்டர் விற்கிறவர், வியர்த்து வழிய வந்தார். பின்னால் கயேத்தான். பின்வரிசைக்காரன், இருபத்தோரு வயது, நூற்றுப் பத்துக் கிலோ.

"தபால்காரரே, கயேத்தானுக்கு முன்வரிசைன்னு ஒரு டிக் போடுங்க. சீக்கிரம்."

"அவன் பழகினவன் இல்ல."

"எண்பது நிமிஷத்துக்கு என்னய்யா பழக்கம் வேணும்? உடம்பைப் பாருங்க, சுவரு!"

"பாவனைத் தள்ளுன்னு போடறேன்."

"போட்டா ஒரு ஆள் குறைச்சுப் பதினாலு பேரோட ஆடணும்! இறுதியாட்டம்யா இது! நாற்பத்தாறு வருஷம்!" தலைவர் குரல் கீச்சிட்டது.

கயேத்தான் நெஞ்சைத் தட்டினான். "நான் ஆடறேன் மாமா. எனக்கு ஒண்ணும் பயமில்ல."

"உனக்கு எதுக்குப் பயம்? எனக்கு இருக்கு, போதும்" என்றார் எமிலியன்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்போது நாற்காலியின் மோட்டார் சத்தம் கேட்டது. கூட்டம் வழி விட்டது. ரெஜிஸ் நேராக எமிலியனின் கால் விரலை இடிக்கிற தூரத்துக்கு வந்து நிறுத்தினான். இருபத்துநாலு வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு பக்கத்தில் நின்றதே இல்லை. என் கையிலிருந்த கறிக்குச்சி அடுப்புக்குள் விழுந்துவிட்டது. ரெஜிஸ் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறான் என்று நான் சத்தியமாக நினைத்தேன். எல்லாருமே அப்படித்தான் நினைத்தோம்.

"டிக்கைப் போடு" என்றான் ரெஜிஸ்.

எமிலியனுக்குப் புரியவில்லை. "என்ன?"

"போடுன்னு சொல்றேன். என் கழுத்துப் போச்சு, சரி. எதுக்குப் போச்சு? காஸ்த்ராக் பாவனைத் தள்ளு ஆடாதுங்கறதுக்காகப் போச்சு. இன்னைக்கு நீ பாவனைன்னு எழுதினா, அது ஒண்ணுத்துக்குமே போகலன்னு ஆயிடும். போடு."

எமிலியன் அவன் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கயேத்தானின் கழுத்தைப் பார்த்தார். சிவந்து, தடித்து, வியர்வை ஓடுகிற கழுத்து.

"முடியாது, ரெஜிஸ்" என்றார்.

விரல் கண்ணாடியைத் தொட்டது. எண்ணைப் போட்டார், ஒன்றாம் எண் பேரை நீக்கினார், பாவனை என்று பதிந்தார், அனுப்பினார். டேப்லெட்டைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டுப் பேருந்துப் பக்கம் நடந்தார். ஒருவன் அவர் பின்னால் துப்பினான். யாரென்று சொல்ல மாட்டேன், இப்போதும் என் கடைக்கு வருகிறவன்.

பதினாலு பேரோடு ஆடினோம். பையன்கள் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். தள்ளு வரும்போதெல்லாம் இரண்டு பக்கமும் குனிந்து, தொட்டு, சும்மா நின்றன. ரியூபெய்ர் கூட்டம் ஒவ்வொரு முறையும் வால்ஸ் நடனப் பாட்டைப் பாடியது. எழுபத்தெட்டாவது நிமிடம் வரை ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். கடைசியில் ஓட ஆளில்லாத ஓரத்தில் அவர்கள் பந்தைக் கொண்டுபோய்க் கோட்டுக்கு அப்பால் வைத்து ஐந்து புள்ளி எடுத்துவிட்டார்கள். நாலு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். கயேத்தான் புல்லில் முகம் புதைத்து அழுதான். கேடயத்தை அவர்கள் தூக்கிக்கொண்டு எங்கள் பேருந்தைச் சுற்றி ஓடினார்கள்.

நான் அடுப்புச் சாம்பலைக் கொட்டிக்கொண்டிருந்தேன். எமிலியன் பேருந்தின் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. ரெஜிஸின் நாற்காலி மெதுவாக வந்தது.

"எவ்வளவு நேரம் ஆச்சு உனக்கு?"

"எதுக்கு?"

"முடியாதுன்னு சொல்ல. நான் மணி பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு நிமிஷம்." ரெஜிஸின் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "ரெண்டே நிமிஷம். ஊரு எரிஞ்சு போகல. ஒரு ஆட்டம் தோத்தோம், அவ்வளவுதான். இருபத்துநாலு வருஷமா நான் நினைச்சுக்கிட்டிருக்கேன், அன்னைக்கு யாராலயும் அதைத் தடுத்திருக்க முடியாதுன்னு. அதைப் பிடிச்சுக்கிட்டுதான் தினமும் காலையில கண்ணு முழிக்கறேன். அதனாலதான் அந்த விசாரணைக்காரங்ககிட்டப் பொய் சொன்னேன். இன்னைக்கு நீ அதையும் எடுத்துக்கிட்ட."

"தடுத்திருக்கலாம்" என்றார் எமிலியன். "அன்னைக்கே தெரியும் எனக்கு. நீ பழகினவன் இல்லன்னு தெரிஞ்சுதான் போட்டேன்."

"ஏன் போட்ட?"

எமிலியன் ஷூவில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். "சிரிச்சாங்க, ரெஜிஸ். இருநூறு பேர் சிரிச்சாங்க. அதுக்குப் பயந்துட்டேன்."

ரெஜிஸ் நாற்காலியைத் திருப்பினான். என்னைப் பார்த்துத்தான் திருப்பினான்.

"சிரிக்க வெச்சது யாருன்னு எனக்கு ஞாபகம் இருக்கு, சொலாஞ்ஜ்" என்றான். "பாவாடை நிறைய இருக்குன்னு சொன்னியே."

ஆமாம், நான்தான். யாரோ கத்தினார்கள் என்று மேலே சொன்னேன். இருபத்துநாலு வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன், நம்பவும் ஆரம்பித்திருந்தேன். அவன் அன்று சேற்றில் நின்றபடி என் குரலைக் கேட்டிருக்கிறான். தெரிந்துகொண்டேதான் இத்தனை வருடம் என் கையால் சாப்பிட்டிருக்கிறான்.

எமிலியன் செயலாளர் வேலையை விட்டுவிட்டார். இப்போது ஞாயிறு மூன்று மணிக்கு அவர் வீட்டு ஜன்னல் கதவுகள் சாத்தியே இருக்கின்றன. கயேத்தான் அவரைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். திருப்ப முடிகிறதே என்று எமிலியன் என்னிடம் ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பேனா சத்தம் நின்றதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

புதுச் செயலாளர் ஜெர்ஸிகளை ஒன்றிலிருந்து கொடுக்கிறார், மளமளவென்று.

ரெஜிஸ் இப்போது இருபத்திரண்டு மீட்டர்க் கோட்டுக்குப் போவதில்லை. நேராக என் கடைக்கு முன்னால் வந்து, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்தபடி நாற்காலியை நிறுத்துகிறான். நான் கறியைத் துண்டாக வெட்டி அவன் வாயில் வைக்கிறேன். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவன் ஏதாவது பதில் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. அவன் மெதுவாக மென்று முடிக்கிறான்.

"உப்பு கம்மி" என்கிறான்.

நான் உப்பைத் தூவி அடுத்த துண்டை எடுக்கிறேன்.